பொடி மரப்பசை: நேற்றுப் பிடித்தது இன்று ஏன் விடுகிறது?

வாசகர் கேள்வி பதில்

இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப எழும் புகார் ஒன்றுதான்: தண்ணீரில் கலக்கும் பொடி மரப்பசை ஒரு தடவை மரமே பிளந்தாலும் விடாமல் பிடிக்கிறது, அடுத்த தடவை கையால் இழுத்தாலே கழன்றுவிடுகிறது. எழுதியவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது யூரியா ஃபார்மால்டிஹைடு வகைப் பொடி. ஒரு சிலர் பாலின் புரதத்தில் இருந்து செய்யும் கேசீன் பொடியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வகையின் பெயரைச் சொல்லாத இடங்களில் எல்லாம் யூரியா ஃபார்மால்டிஹைடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே டப்பா. முதல் பாதியில் ஒட்டிய நாற்காலிகள் இன்றும் உறுதியாக இருக்கின்றன. எட்டு மாதம் கழித்து மீதியை எடுத்து, அதே அளவில் கலந்து, அதே க்ளாம்பில் இறுக்கினேன். மறுநாள் சுத்தியால் லேசாகத் தட்டியதும் இணைப்பு விட்டுவிட்டது. டப்பாவை மூடித்தான் வைத்திருந்தேன். மூடிய டப்பாவில் பசை கெடுமா?

பதில்: கெடும். பாதி காலியான டப்பாவில் இன்னும் சீக்கிரம் கெடும். இந்தப் பொடிக்குள் வினைபுரிய வேண்டிய பொருள்கள் எல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன. ஒன்று, வினையைப் பாதியில் நிறுத்தி உலர்த்தி எடுத்த பிசின். மற்றொன்று, அமிலத்தைத் தந்து பிசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் உப்பு. பெரும்பாலும் அம்மோனியம் குளோரைடு அல்லது அம்மோனியம் சல்ஃபேட். இவற்றுடன் கொட்டை ஓட்டுத்தூள், மரமாவு மாதிரி ஏதாவது நிரப்பியும் சேர்ந்திருக்கும். தண்ணீர் பட்டதும் உப்பு கரைந்து அமிலம் உண்டாகிறது. நின்றுபோயிருந்த வினை மறுபடி தொடங்கி, பிசின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகின்றன. அதற்கு நாமே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றில்லை. திறக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே புகும் காற்றின் ஈரமே அந்த வேலையை மெதுவாகச் செய்துவிடும். டப்பா காலியாகக் காலியாக உள்ளே அடைபடும் காற்றும் கூடும், அதன் ஈரமும் கூடும்.

வெப்பம் தனியாகவும் கெடுக்கிறது. தகரக் கூரையின் கீழே, வெயில் படும் அலமாரியில் இருக்கும் டப்பா திறக்கப்படாமலேயே முதிர்ந்துபோகலாம். அப்படி முதிர்ந்த பொடி பார்வைக்குப் புதியது போலவே இருப்பதுதான் பெரிய தொல்லை. வெள்ளைப் பசை கெட்டால் திரிந்தோ நாறியோ தானே காட்டிக்கொடுத்துவிடும். பொடிப் பசை அப்படி எச்சரிப்பதில்லை. இணைப்பு விட்ட பிறகுதான் தெரிய வரும்.

திறக்காத டப்பா, குளிர்ந்த உலர்ந்த இடத்தில், ஏறத்தாழ ஓர் ஆண்டு தாங்கும். அட்டையில் தயாரிப்புத் தேதி இருந்தால் அதிலிருந்து கணக்கிடுங்கள். வாங்கிய தேதி கணக்கில் வராது. திறந்ததை மூன்று நான்கு மாதங்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. வாங்கிய அன்றே பொடியைச் சிறிய, இறுக்கமான மூடியுள்ள பாட்டில்களில் விளிம்பு வரை நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாட்டிலைத்தான் திறக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்கள் வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது. பாட்டில் அறை வெப்பத்துக்கு வர சில மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த பொடியின் மேல் காற்றின் ஈரம் நீராகப் படிந்து, காப்பாற்ற நினைத்த பொடியை அதுவே கெடுத்துவிடும்.

பெரிய டப்பா மலிவு என்று வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை: ஆண்டுக்கு இரண்டு மூன்று சாமான் செய்கிறவருக்கு அது மலிவே இல்லை.

கேள்வி: கையில் இருக்கும் பொடி நல்லதா கெட்டதா என்று வேலையில் இறங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. நான்கு சோதனைகளைச் சொல்கிறோம். முதல் இரண்டும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

முதலில் கைச்சோதனை. கையுறை போட்டுக்கொண்டு ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே தேயுங்கள். நல்ல பொடி மென்மையாக நழுவும். கட்டி இருந்து, அது லேசாக அழுத்தியதும் உதிர்ந்து பொடியானால் அடைத்து வைத்ததால் இறுகிய கட்டி, பிழையில்லை. நகத்தால் குத்தியும் உடையாமல் மணல்போல் நெருடினால் அந்தக் கட்டிக்குள் வினை நடந்து முடிந்துவிட்டது என்று பொருள். கட்டிகளைச் சலித்து எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. கட்டியானது முழுதாக இறுகிய பகுதி. சலித்து விழுந்த பொடி பாதி இறுகியிருக்கலாம்.

அடுத்தது கலவைச் சோதனை. 20 கிராம் பொடியை அட்டையில் சொன்ன விகிதத்தில் கலந்து, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் மெல்லியதாக இழுங்கள். நிரப்பியின் நுண்ணிய துகள்கள் தெரிவது இயல்பு. ஆனால் பூச்சு வழவழவென்று பரவ வேண்டும். எவ்வளவு கிளறியும் திப்பிதிப்பியாக நின்றாலோ, வழக்கமான அளவு தண்ணீர் விட்டும் கலவை சட்டென்று கெட்டியானாலோ அந்தப் பொடி வேண்டாம்.

மூன்றாவது பொட்டுச் சோதனை. மீந்த கலவையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பிளாஸ்டிக் தாளில் ஊற்றி, 21 டிகிரிக்கு மேல் வெப்பம் உள்ள இடத்தில் 24 மணி நேரம் வையுங்கள். பிறகு உரித்து வளைத்துப் பாருங்கள். கண்ணாடி போல் டக்கென்று உடைந்து, உடைந்த விளிம்பு பளபளப்பாக இருக்க வேண்டும். வளைந்தால் இறுகவில்லை. நகத்தால் சுரண்டியதும் மாவாக உதிர்ந்தால் பொடி செத்துவிட்டது. இந்தப் பொட்டை ஒவ்வொரு கலவையிலும் ஊற்றி வைக்கும் பழக்கம் நல்லது. க்ளாம்பை எப்போது அவிழ்க்கலாம் என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

நான்காவதுதான் உண்மையான சோதனை. செய்யப்போகும் அதே மரத்தில் 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலமுள்ள இரண்டு துண்டுகளை இழைத்து, இழை ஒரே திசையில் ஓடும்படி ஒட்டுங்கள். இரவு முழுதும் க்ளாம்பில் இருக்கட்டும். அவிழ்த்தபின் ஒரு வாரம் விடுங்கள். இந்தப் பசை முழு பலத்துக்கு வர அவ்வளவு காலம் எடுக்கும். பிறகு பசைக்கோட்டின் மேல் உளியை வைத்து அடித்துப் பிளந்து, இரண்டு முகங்களையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

முகமெங்கும் மரநார் பிய்ந்து ஒட்டியிருந்தால் இணைப்பு மரத்தைவிட உறுதி. ஒரு முகத்தில் பசை முழுதாகவும், எதிர்முகம் பசையே படாததுபோல் சுத்தமாகவும் இருந்தால், பூசிய பசை மற்ற பலகையை நனைக்கும் முன்பே தோல் கட்டியிருக்கிறது. சேர்க்கத் தாமதம் செய்திருக்கிறீர்கள், அல்லது அந்தப் பலகையின் முகம் பசையை ஏற்கவில்லை. இரண்டு முகத்திலும் வெளிறிய மாவு இருந்தால் பழைய பொடி, அதிகத் தண்ணீர், குளிர் இந்த மூன்றில் ஒன்று. பசையே கண்ணில் படாமல் மரம் வெறுமையாக இருந்தால் பூச்சு போதவில்லை, அல்லது தண்ணீராக இருந்த பசையை மரம் உறிஞ்சிவிட்டது. கண்ணாடி போன்ற தடித்த படலத்தில் குறுக்கும் நெடுக்குமாக மயிர்க்கோடுகள் ஓடினால் அங்கே இடைவெளி இருந்திருக்கிறது. விட்டுப்போன பழைய சாமான்களின் இணைப்புகளையும் இதே முறையில் படிக்கலாம். பசை சரியில்லை என்று எழுதுவதற்கு முன்னால் இதை ஒரு முறை செய்து பாருங்கள்.

கேள்வி: டப்பாவுடன் வந்த கரண்டியால்தான் அளக்கிறேன். ஒரு நாள் தண்ணீராக ஓடுகிறது, ஒரு நாள் களிமண்ணாக நிற்கிறது. ஏன்?

பதில்: கரண்டியால் அளப்பதுதான் காரணம். ஒரு குவளையில் பொடியைத் தளர்வாக நிரப்பி மேசையில் பத்துத் தடவை தட்டிப் பாருங்கள், மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். மேலே இருந்து அள்ளிய கரண்டியும் அடியில் இருந்து அள்ளிய கரண்டியும் ஒரே எடை இருக்காது. சில அட்டைகளில் கன அளவில் 5 பங்கு பொடிக்கு 2 பங்கு தண்ணீர் என்று போட்டிருக்கும். சிலவற்றில் எடையில் 2 பங்குக்கு 1 பங்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டாலும் கலவை மாறிப்போகும். அட்டையில் எடைக் கணக்கு இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சொன்ன கன அளவை ஒரு முறை கவனமாக அளந்து, அதை எடைபோட்டுக் குறித்துவைத்து, பிறகு எப்போதும் தராசிலேயே கலக்குங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசு போதும்.

கலக்கும் வரிசையும் முக்கியம். பிளாஸ்டிக் கிண்ணத்தில் முதலில் பொடி. எடுத்து வைத்த தண்ணீரில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக ஊற்றி, தட்டையான மரக்குச்சியால் கிண்ணத்தின் சுவரோடு அழுத்தி அழுத்திக் குழையுங்கள். கெட்டியாக இருக்கும்போதுதான் கட்டிகள் நசுங்கும். எல்லாத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றினால் கட்டிகள் மிதந்துகொண்டு தப்பிவிடும். கட்டியில்லாமல் குழைந்தபின் மீதித் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஐந்து நிமிடம் சும்மா விட்டு, மறுபடி கிளறுங்கள். குச்சியைத் தூக்கினால் கலவை சொட்டுச் சொட்டாக விழாமல் அறுபடாத நாடாவாக வழிய வேண்டும்.

கூடுதல் தண்ணீர் எங்கே போகும்? மரத்துக்குள்ளும் காற்றுக்குள்ளும்தான். அது போன பிறகு பசைக்கோடு சுருங்கி, இடையிடையே வெற்றிடம் விடும். குறைவான தண்ணீரில் கலந்தது மரத்தை நனைக்காமல் மேலேயே உட்கார்ந்துவிடும். கலவை கெட்டியாகத் தொடங்கிய பிறகு தண்ணீர் விட்டு இளக்குவது மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். கெட்டியாவது வினை நடப்பதன் அடையாளம். தண்ணீர் அதைப் பின்னோக்கித் திருப்பாது, பின்னிய இழைகளுக்கு நடுவே தங்கிப் பலவீனமாக்கும்.

கேள்வி: கோடையில் அரை மணி நேரத்தில் கிண்ணத்திலேயே இறுகிவிடுகிறது. குளிர்காலத்தில் இரண்டு நாள் க்ளாம்பில் வைத்தும் பசை நகத்தில் பதிகிறது. ஒரே கம்பெனிப் பொடிதான்.

பதில்: வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த மாதிரி வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சாதாரணமாகக் கிடைக்கும் ஒற்றைப் பொடி வகைகளுக்குக் குறைந்தபட்சம் 21 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்த வெப்பத்தில் கலவை சுமார் நான்கு மணி நேரம் பதமாக இருக்கும். க்ளாம்பில் 12 முதல் 14 மணி நேரம். 32 டிகிரியில் பதம் ஒரு மணி, ஒன்றரை மணிக்குள் போய்விடும்; க்ளாம்ப் நேரமும் பாதிக்குக் கீழே இறங்கும். தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும் என்பதால் அட்டையைப் பார்ப்பது அவசியம்.

குளிர்காலத்தில் பலரும் செய்யும் தவறு அறையின் வெப்பத்தை மட்டும் பார்ப்பது. இரவு முழுதும் குளிர்ந்து கிடந்த பலகையின் உட்புறம், ஹீட்டர் போட்டு ஒரு மணி நேரத்தில் சூடாகாது. பசை இருப்பதோ அந்த இரண்டு பலகைகளுக்கு நடுவில். மரத்தை முந்தைய நாளே வெதுவெதுப்பான அறையில் வையுங்கள். ஒட்டியபின் க்ளாம்புகளோடு சேர்த்துப் போர்வையால் மூடி அடியில் ஒரு மிதமான வெப்ப மூலத்தை வைக்கலாம். பாதி இறுகிய நிலையில் குளிர்ந்துபோன இணைப்பைப் பிறகு சூடாக்கினாலும் முழு பலம் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

கோடைக்கு வேறு உபாயம். வினை நடக்கும்போது கலவை தானே சூட்டை வெளிவிடுகிறது. ஆழமான குவளையில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் வினையை இன்னும் விரட்டும். அதனால் அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி, தட்டைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து வேலை செய்யுங்கள். ஒரே தடவையில் ஒட்டி முடிக்கும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். பூசுவதற்குச் சதுர மீட்டருக்குத் தோராயமாக 150 முதல் 200 கிராம் கலவை என்று கணக்கிட்டால் வீணாகாது.

கேள்வி: கழுந்து (துளைக்குள் செருகும் மரமுனை) துளையில் கொஞ்சம் தளர்வாக இருந்தது. பசையைத் தாராளமாக ஊற்றி நிரப்பினேன். இறுகியபோது கல்லாக இருந்தது. ஆறு மாதத்தில் நாற்காலி ஆடுகிறது.

பதில்: இந்தப் பசைக்குத் தாராளம் ஒத்துவராது. இறுகும்போது தண்ணீரை இழந்து சுருங்கும், இறுகியபின் வளையாது. காகிதத்தின் தடிமனுக்குள், அதாவது 0.1 மி.மீ. அளவில் இருக்கும் படலத்தில் இந்தச் சுருக்கத்தை மரம் தாங்கிக்கொள்ளும். அரை மி.மீ. தடிமனுக்குப் போனால் படலமே தனக்குள் வெடித்து மயிர்க்கோடு விடும். ஒட்டிய புதிதில் தெரியாது. மரம் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும்போது அந்தக் கோடுகள் நீண்டு ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும்.

கழுந்து கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் கழன்று விழக் கூடாது. தளர்வாக இருந்தால் கழுந்தின் கன்னத்தில் அதே மரத்தின் மெல்லிய சீவலை முதலில் ஒட்டி, இறுகியபின் இழைத்துப் பொருத்துங்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் இடைவெளியை நிரப்பும் எபாக்சிப் பசையைப் பயன்படுத்துங்கள். பொடியில் மரத்தூள் கலந்து நிரப்புவதும் தீர்வாகாது. தொழிற்சாலையில் சேர்க்கும் நிரப்பி அளவறிந்து சேர்த்தது. நாம் கையால் போடும் தூள் தண்ணீரை உறிஞ்சி விகிதத்தைக் கெடுக்கும்.

கேள்வி: தேக்கில் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. இன்னொரு மரத்தில் நன்றாகப் பிடித்தது, ஆனால் க்ளாம்ப் பட்ட இடமெல்லாம் கருநீலக் கறை.

பதில்: தேக்கின் எண்ணெய் மேற்பரப்புக்கு ஊறி வந்துகொண்டே இருக்கும். நேற்று இழைத்த முகத்தில் இன்று ஒட்டினால் எண்ணெயின் மேல்தான் ஒட்டுகிறீர்கள். கூர்மையான இழைப்புளியால் ஒரு சீவல் எடுத்து, சுத்தமான துணியில் அசிட்டோன் நனைத்துத் துடைத்து, ஈரம் பறந்ததும் தாமதிக்காமல் பசை பூசுங்கள். நெருப்பு அருகில் இருக்கக் கூடாது.

எந்த மரமானாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். சொட்டு அரை நிமிடத்துக்குள் பரவி மரத்தில் இறங்கினால் முகம் தயார். முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இருக்கிறது, அல்லது மழுங்கிய பிளேடு மரத்தை அறுக்காமல் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டது. பிளானர் பிளேடு மழுங்கியதால் விட்ட இணைப்புகளுக்கும் பசைதான் பழி சுமக்கிறது.

கறைக்குக் காரணம் இரும்பு. டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள மரம், ஈரம், அமிலப் பசை, இரும்பு நான்கும் சேர்ந்தால் கருநீலம் வரும். க்ளாம்பின் கீழே பிளாஸ்டிக் தாளோ மெழுகுக் காகிதமோ வையுங்கள்; இரும்புக் கிண்ணத்தில் கலக்காதீர்கள். கேசீனுக்கு இரும்புகூடத் தேவையில்லை. அதிலுள்ள காரமே டானின் மரங்களைக் கறுக்க வைக்கும்.

கேள்வி: எவ்வளவு இறுக்க வேண்டும்? அதிகம் இறுக்கினால் பசை எல்லாம் பிதுங்கிப் போய்விடும் என்கிறார்கள்.

பதில்: நன்றாகப் பொருந்திய பலகையில், சரியான பதத்தில் உள்ள பசையை வீட்டுப் பட்டறை க்ளாம்பால் முழுதும் பிதுக்கி எடுப்பது கடினம். பெரும்பாலும் இறுக்கம் போதாமல்தான் கெடுகிறது. மென்மரத்துக்குச் சதுர செ.மீ.க்கு 7 முதல் 10 கிலோ, வன்மரத்துக்கு 12 முதல் 17 கிலோ அழுத்தம் தேவை. 90 செ.மீ. நீளமும் 2.5 செ.மீ. தடிமனும் உள்ள வன்மரப் பலகையின் விளிம்பு 225 சதுர செ.மீ. வருகிறது. 12 கிலோ வீதம் 2,700 கிலோ. ஒரு நல்ல க்ளாம்ப் 400 கிலோ கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏழு க்ளாம்ப் வேண்டும், 13 செ.மீ.க்கு ஒன்று. இரண்டு முனையில் இரண்டு, நடுவில் ஒன்று என்று போட்டுவிட்டு நடுவே விடுகிறதே என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கோடு முழுதும் சிறு மணிகளாகப் பசை எட்டிப் பார்த்தால் சரியான அளவு. ஓரிடத்தில் மட்டும் வராவிட்டால் அங்கே பசை இல்லை அல்லது அழுத்தம் இல்லை. பிதுங்கியதை இறுகும் முன் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இறுகிய மணி பிளேடின் வாயைச் சில்லுச் சில்லாக எடுத்துவிடும்.

மரத்தின் ஈரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்கட்டும். இரண்டு பலகைக்கும் இடையே பெரிய வித்தியாசம் கூடாது. க்ளாம்பை எடுத்ததும் இழைக்கவும் வேண்டாம். பசையின் தண்ணீர் கோட்டையொட்டிய மரத்தை ஊத வைத்திருக்கும். அப்போது சமமாக இழைத்தால், சில நாளில் ஈரம் வற்றி அந்த இடம் மட்டும் பள்ளமாகத் தெரியும்.

கேள்வி: அட்டையில் 'நீர் எதிர்ப்பு' என்று இருக்கிறது. வெளியே போடும் பெஞ்சுக்கு நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். சாதாரணத் தண்ணீர் எப்போதாவது பட்டால் யூரியா பசை தாங்கும். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் இடத்தில், அதாவது சூடும் ஈரமும் சேருமிடத்தில், இறுகிய பிசினின் பிணைப்புகளே நீரால் மெல்ல அறுபடும். கலக்கும் முறையை எவ்வளவு திருத்தினாலும் இந்தக் குணம் மாறாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானப் பழுதுபார்ப்புக்கு வெளியிட்ட ஏசி 43.13-1பி கையேடு, யூரியா வகைப் பசையும் கேசீனும் வழக்கொழிந்தவை என்றே சொல்கிறது.

விமானம் என்றதும் சொல்ல வேண்டிய ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின் டி ஹாவிலாண்ட் மாஸ்கிட்டோ என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் உடலும் இறக்கையும் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. தொடக்கத்தில் கேசீன், பிறகு யூரியா ஃபார்மால்டிஹைடு கொண்டு ஒட்டப்பட்டது. 1944 இறுதியில் இந்தியா, பர்மா பகுதியில் இயங்கிய சில விமானங்கள் நடுவானில் உடைந்து விழுந்தன. பருவமழை ஈரத்தால் வந்த வினை என்று முதலில் சொல்லப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள், இறக்கையின் முதன்மைச் சட்டத்தில் பிளைவுட் தோல் சரியாகப் படியாமல் பசை பிடிக்காத இடங்கள் இருந்ததைக் கண்டு, தயாரிப்புக் குறையைச் சுட்டின. அந்த மழையையே பார்க்காத விமானங்களிலும் அதே குறை இருந்தது. தளர்ந்த கழுந்தைப் பசையால் நிரப்பிய வாசகரின் சிக்கலும் அடிப்படையில் இதுவே.

வெளிப்புற வேலைக்கு ரிசார்சினால் பசை அல்லது எபாக்சி. ரிசார்சினாலில் திரவப் பிசினோடு பொடி ஹார்ட்னர் வரும்; அதற்கும் 21 டிகிரி வெப்பம் வேண்டும், கருஞ்சிவப்புக் கோடும் தெரியும். ஐரோப்பாவில் வாங்கும் பசையானால் அட்டையில் இஎன் 12765 என்ற தர எண்ணைத் தேடுங்கள். அதில் சி1 முதல் சி4 வரை உண்டு, எண் கூடக் கூட நீர் தாங்கும் திறனும் கூடும்.

கேள்வி: கேசீன் பொடி கலந்த ஐந்து நிமிடத்தில் கட்டியாகி நிற்கிறது. தண்ணீர் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். கேசீன் அப்படித்தான் ஒரு கட்டத்தைத் தாண்டும். எடையில் ஏறக்குறைய ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கிளறியதும் கெட்டியாகும். 15, 20 நிமிடம் அசையாமல் விட்டு மறுபடி கிளறினால் தானே இளகி வழவழப்பாகும். அந்த நேரத்துக்குள் பொறுமை இழந்து தண்ணீர் ஊற்றுவதுதான் பெரும்பாலான கேசீன் தோல்விகளுக்கு மூலம். கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும். குளிரிலும் இறுகும் என்பது இதன் சிறப்பு. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பது குறை.

கேள்வி: இத்தனை தொல்லை எதற்கு? வெள்ளைப் பசையே போதாதா?

பதில்: சாதாரணப் பலகை இணைப்புக்கும் இறுக்கமான கழுந்துக்கும் தாராளமாகப் போதும். ஆனால் வெள்ளைப் பசை தொடர்ந்து இழுவிசை இருந்தால் மெல்ல நகர்ந்துகொடுக்கும். மெல்லிய பட்டைகளை அச்சில் வளைத்து அடுக்கி ஒட்டும் வேலையில், அந்த நகர்வால் வளைவு நாளடைவில் விரியும். யூரியா நகராது. பெரிய வெனீர் (மெல்லிய மரத்தகடு) பரப்பைப் பதறாமல் பூசி முடிக்கவும் அதன் நீண்ட பதநேரம் உதவும். இந்த இரண்டு வேலைகளுக்கு நாங்கள் இன்றும் பொடியையே சொல்வோம், புதிய பொடியாக இருந்தால்.

கேள்வி: கலக்கும்போது கண் எரிகிறது. ஆபத்தா?

பதில்: எரிச்சல் தருவது ஃபார்மால்டிஹைடு வாயு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள். பொடிக்கும், இறுகிய பசையைத் தேய்க்கும் தூசிக்கும் என்95 முகமூடி அணியுங்கள். ஆனால் அது வாயுவைத் தடுக்காது, அதற்குச் சன்னலைத் திறப்பதுதான் வழி. கையுறை கட்டாயம், தொடர்ந்து தோலில் பட்டால் ஒவ்வாமை நிரந்தரமாகவே வந்துவிடும்.

கேள்வி: விட்டுப்போன இணைப்பில் மேலேயே புதுப் பசை பூசி மறுபடி இறுக்கலாமா?

பதில்: பிடிக்காது. இறுகிய யூரியா தண்ணீரில் கரையாது, புதுப் பசையை உள்ளே விடாது. பழைய படலத்தை ஸ்கிரேப்பரால் சுரண்டி வெறும் மரம் தெரியும் வரை எடுக்க வேண்டும். தண்ணீர்ச் சொட்டு இறங்குகிறதா என்று பாருங்கள். சுரண்டியதால் பொருத்தம் தளர்ந்திருக்கும் என்பதால் அந்த இடத்துக்கு யூரியாவைவிட எபாக்சியே ஏற்றது. மூலை முடுக்கில் பழைய பசை கொஞ்சம் தங்கிவிட்டாலும், உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி அசிட்டோனால் துடைத்திருந்தால் எபாக்சி அதன்மேல் ஓரளவு பிடிக்கும். க்ளாம்பை மிக இறுக்கமாகப் போட வேண்டாம். எபாக்சிக்கு முகங்கள் சேர்ந்திருந்தால் போதும், அழுத்திப் பிதுக்கினால் பசையில்லாமல் போய்விடும்.